ஒரே குழந்தைக்கு மூன்று நோயா?

போன இதழில் கோடை வடகம் பற்றி எழுதியிருந்தேன். ஜவ்வரிசி வடகம் காய்ந்ததும் உடைந்து போகிறதே என்று கேட்டிருந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: ஜவ்வரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுவிடுங்கள், அவசரப்பட்டு அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். இந்த இதழில் சமையல் கிடையாது. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதப் போகிறேன். எழுதலாமா என்று குழந்தையின் அம்மாவிடமே கேட்டேன். "எழுதுங்க சித்தி. பேர் மட்டும் போடாதீங்க" என்றாள்.

அவள் என் அக்காள் மகள். அவளைக் கட்டியிருப்பது என் தம்பி. ஆக, என் தம்பிக்கு என் அக்காளே மாமியார். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு நான் அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் சின்னப்பாட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் இதெல்லாம் யாரும் விரல் மடக்கி எண்ணிப் பார்க்கிற விஷயமே இல்லை. தாய்மாமன் இருக்கையில் வெளியில் எதற்குத் தேட வேண்டும் என்பார்கள். நானும் என் அத்தை மகனைக் கட்டிக்கொண்டுதான் ராஜபாளையம் வந்தேன்.

2023 ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது போட்ட அதிர்வேட்டில் திண்ணையில் இருந்த கிழவரே தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். ஒன்பது மாதக் குழந்தை என் மடியில் அசையாமல் தூங்கியது. "நல்ல உறக்கக்காரி, அத்தை மாதிரியே" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி பாத்திரம் துலக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "சித்தி, கொலுசை ஆட்டினா திரும்ப மாட்டேங்கிறா. எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று கேட்டாள்.

பெற்றவளுக்குத் தோன்றினால் அதைப் பெரியவர்கள் தட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால் தட்டிக் கழித்தோம். "உன் புருஷனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று அக்கா சொல்லிவிட்டாள். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

பிறகு அலைச்சல். முதலில் பார்த்த இடத்தில் சீட்டில் "பேச்சுத் தாமதம்" என்று எழுதி ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் "காது கேளாமை". மதுரையில் பெரா டெஸ்ட் எடுத்துவிட்டு, இரண்டு காதிலும் பிறவியிலேயே நரம்பு வழிக் கேள்விக் குறைபாடு, கடுமையானது என்று எழுதினார்கள். மூன்று சீட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா அழுதாள். "ஒரு சின்னப் பிள்ளைக்கு மூணு நோயா?" என்று.

மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல ஆள் இல்லை. யோசித்துப் பாருங்கள், நம் வீட்டிலேயே இந்தக் குழப்பம் உண்டு. குழந்தைக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் ஒரு வீட்டில் பொன்னுக்கு வீங்கி என்பார்கள், அடுத்த வீட்டில் புட்டாளம்மை, இன்னொரு வீட்டில் கூகைக்கட்டு. மூன்றும் ஒரே நோய். இதற்கு நேர்மாறாக, "வாயு" என்ற ஒரே வார்த்தைக்குள் நெஞ்செரிச்சல், மூட்டு வலி, முதுகுப் பிடிப்பு எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்திருக்கிறோம். நாம்தான் படிக்காமல் இப்படிச் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். படித்தவர்களிடமும் இதே தொல்லைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் டாக்டர் எங்களை ஓர் ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார். மரபு வழியாக வரும் நோய்களைப் பற்றிக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்வதுதான் அவர் வேலை. முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் பொறுமையில் பாட்டி. குழந்தையைப் பற்றி மட்டும் கேட்பார் என்று போனோம். அவரோ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது முன்நெற்றியில் ஒரு கற்றை மட்டும் வெள்ளை முடி உண்டா? ஒரு கண் ஒரு நிறமாக யாருக்காவது? கழுத்து வீக்கம்? திடீரென்று மயங்கி விழுந்தவர்கள்? இருட்டில் கண் தெரியாதவர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பட்டியலில் தேடித் தேடிக் குறித்தார். நடுவில் குழந்தைக்கு ஈ.சி.ஜி. எடுக்கவும் அனுப்பினார். காது கேட்காததற்கு இதயத்தைப் பார்ப்பானேன் என்று என் தம்பிக்கு எரிச்சல்.

எனக்கு அந்த வெள்ளை முடிக் கேள்வியில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ராஜபாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். எங்கள் ஊர் நாயைத் தெரியாதவர்கள் உண்டா? பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. 2005-ல் தபால் தலையிலேயே வந்துவிட்டது. அந்த வெள்ளைக் குட்டிகளில் சிலது காது கேளாமல் பிறக்கும் என்பது வளர்க்கிறவர்களுக்குப் பழக்கமான சங்கதி. குட்டியை எடுக்கும் முன் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பார்கள். சும்மா இருக்க முடியாமல் அதைச் சொன்னேன். என் தம்பி முறைத்தான்.

ஆலோசகர் அம்மா மட்டும் முகம் மலர்ந்து, "சரியான இடத்தைப் பிடிச்சீங்க" என்றார். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் உண்டாம். அவை அங்கே நிறத்துக்காக இல்லை, காது வேலை செய்யவே வேண்டும். வெள்ளை நாய்களில் அந்த உயிரணுக்கள் உட்காதுக்குப் போய்ச் சேராமல் போனால் செவிடாகிறது. மனிதர்களிலும் வார்டன்பர்க் என்று ஒரு நிலை உண்டு. நெற்றியில் வெள்ளைக் கற்றை, கண் நிற வித்தியாசம், கூடவே காது கேளாமை. நாயில் பார்த்ததும் எலியில் பார்த்ததும் மனிதரில் பார்த்ததும் ஒன்றோடொன்று சேர வேண்டுமானால், எல்லாரும் ஒரே மாதிரி பெயர் வைத்து எழுத வேண்டும் அல்லவா? அதற்காகச் செய்து வைத்திருப்பதுதான் அவர் தேடிக் குறித்த அந்தப் பட்டியல். அதற்குப் பெயர் ஆன்டாலஜி.

"ஆண்டாள்ஜியா? நம்ம தாயார் பேர்லயா கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்க?" என்றாள் அக்கா. அன்றைக்கு முதன்முதலாக நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஆண்டாளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொற்களுக்கு எழுதிய வம்சாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதியில் சொற்கள் அகர வரிசையில் நிற்கும், பக்கத்தில் நிற்பவர்கள் உறவாக இருக்க மாட்டார்கள். இதில் உறவு முறைப்படி நிற்கும். "காதின் கோளாறு" என்ற பெரிய வீட்டுக்குள் "கேள்விக் குறைபாடு". அதற்குள் ஒரு பிள்ளை, ஒலி உள்ளே போகும் பாதையில் தடை. இன்னொரு பிள்ளை, நரம்பு வழிக் குறைபாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கேள்விக் குறைபாட்டின் நம்பர் 0000365, நரம்பு வழிக் குறைபாட்டின் நம்பர் 0000407. செவிடு, காது மந்தம் என்று உலகத்தில் யார் எந்தப் பேரில் சொன்னாலும் அந்த நம்பருக்குக் கீழே கொண்டு சேர்த்துவிடலாம். 2008-ல் பெர்லினில் பீட்டர் ராபின்சன் என்ற டாக்டரின் குழு ஆரம்பித்தது. இன்றைக்கு 18,000-க்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருக்கின்றன.

ஒரு பிள்ளைக்கு இரண்டு வீடும் இருக்கலாம். நெற்றி வெள்ளைக் கற்றை முடியின் வீட்டுக்கும் சொந்தம், நிறத்தின் வீட்டுக்கும் சொந்தம். "எங்க பாப்பாவுக்கு இவ அத்தையும் பாட்டியும் மாதிரி" என்று அக்கா சொன்னதும் ஆலோசகர் அம்மா, இதைவிட நல்ல உதாரணம் தனக்குத் தோன்றியதே இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "தாய்மாமன்" என்று சொன்னாலே சொந்தக்காரர் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, தெரிந்துவிடும். ஆனால் "சொந்தக்காரர்" என்று மட்டும் சொன்னால் மாமனா, சித்தப்பாவா என்று தெரியாது. கம்ப்யூட்டருக்கும் அப்படியே. "நரம்பு வழிக் குறைபாடு" என்று நுணுக்கமாகக் குறித்தால் கேள்விக் குறைபாடு, காதுக் கோளாறு என்று அதுவாகவே மேலே ஏறிப் பார்த்துக்கொள்ளும். "பேச்சுத் தாமதம்" என்று மட்டும் எழுதினால் அது கீழே இறங்கிக் காதைப் போய்ப் பார்க்காது. எங்கள் முதல் சீட்டில் நடந்தது அதுதான். ஆகவே டாக்டரிடம் போகிற தாய்மார்கள் "பிள்ளைக்கு முடியலை" என்று நிறுத்திவிடாமல், எதற்குத் திரும்பினாள், எதற்குத் திரும்பவில்லை, எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இது இல்லை" என்பதும் ஒரு தகவல்தான். எங்கள் குடும்பத்தில் வெள்ளை முடி இல்லை, கழுத்து வீக்கம் இல்லை, ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்ற அத்தனை "இல்லை"யும் சேர்ந்துதான் வழி காட்டின.

எதற்கு வழி? ரத்தத்துக்குள் தேட. குழந்தையிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். நம் உடம்பில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு புரதத்துக்கான சமையல் குறிப்பு மாதிரி. முழுவதையும் படித்தால் ஒருவருக்கும் பொதுவான மாதிரிக்கும் நடுவே 40, 50 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்குமாம். பெரும்பாலானவை என் சாம்பாருக்கும் உங்கள் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் போல, கெடுதல் இல்லை. அதில் எந்த ஒரு எழுத்தால் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை? வெறும் கண்ணால் தேடினால் ஆயுசு போதாது. குழந்தையின் அறிகுறிகளை அந்த நம்பர்களாகக் கொடுத்தால், உலகத்தில் ஏற்கனவே பதிவான நோய்களோடும் எலிகளில் பார்த்தவற்றோடும் ஒப்பிட்டு, பொருந்துகிற மரபணுக்களை மேலே கொண்டுவந்து வைக்கிறது கம்ப்யூட்டர். முடிவு சொல்வது மனிதர்கள்தான்.

மரபணுவுக்கும் இதே மாதிரி ஒரு சொல் வம்சாவளி உண்டு. அதுதான் இதற்கெல்லாம் மூத்தது. 1998-ல் பழ ஈ, ஈஸ்ட், எலி என்று தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் கூடி ஆரம்பித்தார்கள். ஒரே வேலை செய்கிற மரபணுவுக்கு ஆளுக்கொரு விளக்கம் எழுதி வைத்திருந்தார்களாம், நம் பொன்னுக்கு வீங்கி கதையேதான். ஒவ்வொரு மரபணுவுக்கும் மூன்று கேள்வி: அது செய்யும் வேலை என்ன, எந்தக் காரியத்துக்கு உதவுகிறது, உயிரணுவில் எங்கே இருக்கிறது. ஒரு மருமகளைப் பற்றி விசாரிப்பது போலத்தான். மரபணுவின் பெயரில் வேறு ஒரு கூத்து. செப்ட்-1, மார்ச்-1 என்று சில மரபணுக்களுக்குப் பெயர். எக்செலில் தட்டினால் அது செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக மாற்றிவிடுமாம். எத்தனையோ ஆராய்ச்சிப் பட்டியல்கள் இப்படிக் கெட்டுப் போயின. கடைசியில் 2020-ல் எக்செலுக்குப் பயந்து மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தால் திருத்த எத்தனை நடை நடக்கிறோம், இங்கே ஆளையே வேறு பேருக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்கள் பாப்பாவின் பட்டியலில் மேலே வந்து நின்றது ஜி.ஜே.பி.-2 என்ற மரபணு. காது கேளாமைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1997-ல் தெரிய வந்தது. அந்த மூன்று கேள்விக்கு அதன் பதில் இப்படி. வேலை: அடுத்தடுத்த இரண்டு உயிரணுக்களுக்கு நடுவே சின்னக் குழாய் அமைப்பது. காரியம்: காது கேட்பது. இடம்: உயிரணுவின் சவ்வு. உட்காதில் பொட்டாசியம் இந்தக் குழாய் வழியாகத்தான் சுற்றி வருகிறது என்றார்கள். அது சுற்றாவிட்டால் கேட்காது. அந்தப் புரதம் 226 கண்ணி கோத்த மாலை. பாப்பாவுக்கு 24-வது கண்ணியிலேயே "நிறுத்து" என்று எழுதியிருக்கிறது. டபிள்யூ-24-எக்ஸ் என்று பெயர். இந்தியாவில் பிறவிக் காது கேளாமைக் குழந்தைகளிடம் இந்த மரபணுவில் அதிகமாகக் காணப்படுவது இந்த மாற்றம்தான். இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஒரு கட்டுரை, எப்போதோ ஒரு மூதாதையிடம் வந்தது தலைமுறை தலைமுறையாகப் பரவியிருக்கிறது என்று சொன்னது.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் என் தம்பிக்கும் அக்காள் மகளுக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இருவரிடமும் ஒரே கெட்ட பிரதி, ஒரே தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். பாப்பாவுக்கு இரண்டும் கெட்டதாக வந்து வாய்த்துவிட்டது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆகலாம்.

அதைக் கேட்டதும் என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஆலோசகர் அம்மா, "இது யார் செய்த தப்பும் இல்லை. சொந்தத்தில் கட்டின எல்லாருக்கும் இப்படி ஆவதும் இல்லை" என்றார். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமன் என்றால் இன்னும் நெருங்கின ரத்தம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள் என்று வந்திருக்கிறது. நாம் ஒன்றும் தனி ஆள் இல்லை.

பாப்பாவுக்குக் காதுக்குள் வைக்கும் கருவி, காக்ளியர் இம்பிளான்ட், 2024-ல் வைத்தாயிற்று. 6 வயதுக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். ஆனால் ஆறு வரை காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும். பிறந்த குழந்தைக்குக் காதில் ஒரு சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் பார்க்கும் ஓ.ஏ.ஈ. என்ற சோதனை இருக்கிறது, வலியே இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்தச் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம் என்பது கணக்கு. பிரசவம் ஆன இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். நாங்கள் டானிக்கோடு உட்கார்ந்திருந்த மாதங்கள் திரும்பி வராது. இப்போது அவள் குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாள். என்னைப் பார்த்து "த்தை" என்கிறாள். அத்தையா பாட்டியா என்ற வழக்கு அதோடு தீர்ந்தது.

தீராத வழக்கு என் வீட்டில். என் பெண்ணை மதினி மகனுக்கு என்று அது பாவாடை கட்டின நாள் முதல் பேச்சு. மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, என் அத்தை மகள். அந்தக் கெட்ட பிரதி என் அப்பா வழியில் வந்ததென்றால் அத்தையிடமும் இருந்திருக்கலாம். என்னிடமும் இருக்கலாம், இவரிடமும், மதினியிடமும். பிள்ளைகள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. எந்த இடத்தில் எழுத்து மாறியது என்று தெரிந்துவிட்டதால் மொத்தமும் படிக்க வேண்டாம், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருக்கிறார். இருவரில் ஒருவருக்காவது இரண்டு பிரதியும் சரியாக இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வந்த மதினியிடம் இதைச் சொன்னேன். "காது நல்லாக் கேக்குற என் பிள்ளைக்குக் காது டெஸ்ட்டா? வேண்டாம்னா நேரா சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்டுவிட்டுக் காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். இரண்டு மாதம் போன் இல்லை. இவரும் என்னிடம் அளந்துதான் பேசினார். நான் என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், நானும் கொடுத்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

போன வாரம் சாயங்காலம், தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மதினி. நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "ஏம்மா, அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துலயா வரணும்?" என்றார்.

வேண்டாம் மதினி, சாப்பிட்டுவிட்டே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.